உலோகத் துகளுக்கு உறையிடும் நுண்ணுயிர்கள்

பொன்னின் நிறம் யாது என வினவினால், மஞ்சள் என்று சிறு பிள்ளையும் விடை கூறும். ஆயின், அப்பொன்னையே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய துகள்களாக்கி நீரிலே மிதக்கவிட்டால், அந்நீர் மாதுளை முத்துப் போன்ற செந்நிறங் கொண்டு விளங்கும். வெள்ளியை அவ்வாறு செய்தால் மஞ்சள் நிறத் திரவம் கிடைக்கும். பொருள் மாறவில்லை; அதன் அளவே மாறியது. அளவு மாறவே குணமும் மாறிவிடுகின்றது.

இவ்வியப்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று. உரோமப் பேரரசுக் காலத்தில், கி. பி. 4ஆம் நூற்றாண்டிலே செய்யப்பட்ட இலைகேர்கசுக் கிண்ணம் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலைக்கு உரியது. வெளியிலிருந்து ஒளி விழும்போது பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி ஊடுருவும்போது சிவப்பாகவும் தோன்றும் அக்கண்ணாடியிலே பொன்னும் வெள்ளியும் நுண்டுகள்களாகக் கலந்துள்ளன. 1857ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, பொன் குளோரைட்டுக் கரைசலைப் பொசுபரசினால் தாழ்த்திச் செந்நிறத் திரவமொன்றைப் பெற்றார். அந்நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய பொற்றுகள்களே என்பதையும் எடுத்துக்காட்டினார்.

துகளின் அளவும் அதன் ஆற்றலும்

ஒரு மீற்றரை நூறு கோடி கூறுகளாக்கினால், அவற்றுள் ஒரு கூறே 1 நனோமீற்றர். மனிதனின் தலைமயிரொன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர் ஆகும். 1 முதல் 100 நனோமீற்றர் வரையுள்ள துகள்களையே நனோத்துகள்கள் என்பர்.

இவற்றின் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது? பக்கம் ஒரு சதமமீற்றரான உலோகக் கட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதனையே பக்கம் 10 நனோமீற்றரான கட்டிகளாக வெட்டினால், மேற்பரப்பின் கூட்டுத்தொகை 600 சதுர மீற்றராகப் பெருகும்! இரசாயனத் தாக்கங்கள் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், துகள் சிறுக்கச் சிறுக்க அதன் வேகமும் மிகுகின்றது. பற்றீரியாக்களைக் கொல்லும் இயல்புள்ள வெள்ளி, புண்களுக்கு இடும் கட்டுத்துணிகளில் நனோத்துகளாகச் சேர்க்கப்படுவது இக்காரணம் பற்றியே.

இத்துகள்களைச் செய்யும் முறை கேட்பதற்கு எளிது. வெள்ளி நைத்திரேற்று போன்ற உப்பினை நீரிற் கரைத்து, அதிலுள்ள வெள்ளி அயன்களுக்கு இலத்திரனை வழங்கும் ஒரு தாழ்த்தியைச் சேர்த்தல் வேண்டும். அயன்கள் அணுக்களாகும், அணுக்கள் கூடித் துகளாகும். ஆனால், இங்கேதான் இடர்ப்பாடு. பிறந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கறுத்த மண்டியாக அடியிற் படிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு துகளுக்கும் பிறந்தவுடனே ஓர் உறை இடல் வேண்டும். இதற்கென ஆய்கூடங்களிற் பயன்படுத்தப்படும் செயற்கைப் பொருள்களுட் சில உயிர்க்கலங்களுக்கு நஞ்சாவன. புண்ணை ஆற்றும் மருந்திலே நஞ்சுறை இருப்பின் பயன் யாது?

நுண்ணுயிர் செய்யும் சவர்க்காரம்

சவர்க்காரத்தின் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும், எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. இத்தகைய பொருள்களைச் சில நுண்ணுயிர்களும் தம் தேவைக்காகச் செய்துகொள்கின்றன. எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து உணவாக்கவும், பரப்புகளிலே படர்ந்து செல்லவும் அவை உதவுகின்றன. பசிலசு சப்டிலிசு என்னும் மண் பற்றீரியா தரும் சேர்பக்ரின் 1968ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளரால் வெளிப்படுத்தப்பட்டது. நீரின் மேற்பரப்பிழுவையை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றனிலிருந்து 27 வரை தாழ்த்துவதற்கு அதிற் சிறிதளவே போதும். சூடோமோனாசு எருசினோசா என்னும் பற்றீரியா இராம்னோலிப்பிட்டைத் தருகின்றது. ஒருவகை மதுவம், சீனியையும் எண்ணெயிலுள்ள கொழுப்பமிலத்தையும் இணைத்துச் சொபரோலிப்பிட்டை உண்டாக்குகின்றது.

இப்பொருள்கள் உலோகத் துகளைச் சூழ்ந்து உறையாகி, துகள்கள் ஒட்டாது விலகி நிற்கச் செய்கின்றன. இந்தியாவின் பூனே நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்கூடத்தினர், எளிதில் ஒட்சியேற்றமடையும் கோபாற்றுத் துகள்களுக்குச் சொபரோலிப்பிட்டினால் உறையிட்டு, அவற்றை நீரிலே பரவச் செய்ததை 2007இல் வெளியிட்டனர். 2009இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு மேலும் குறிப்பிடத்தக்கது. அதிலே சொபரோலிப்பிட்டு உறையாக மட்டுமன்றித் தாழ்த்தியாகவும் தொழிற்பட்டு வெள்ளித் துகள்களை ஈன்றது. அத்துகள்கள் பற்றீரியாக்களை எதிர்த்தமையும் அறியப்பட்டது.

பாராட்டுமுன் ஆராய வேண்டியவை

"உயிரிலிருந்து வந்தது" என்ற அளவில் ஒன்றைத் தீங்கற்றதெனக் கொள்ளுதல் தகாது. இராம்னோலிப்பிட்டைத் தரும் பற்றீரியாவே மருத்துவமனைகளிலே தீக்காயங்களைத் தொற்றி நோயாளரை வருத்தும் கிருமியுமாகும். வெள்ளிக் கட்டினாற் கொல்லப்பட வேண்டிய பகைவனே வெள்ளித் துகளுக்கு உறை தருகின்றான்! ஆதலால், அதற்குரிய மரபணுக்களைத் தீங்கற்ற சூடோமோனாசு பூட்டிடாவிலே புகுத்தி, அதைக்கொண்டு இராம்னோலிப்பிட்டைச் செய்விக்கும் வழியும் கண்டறியப்பட்டுள்ளது.

இன்னுமொன்று. சில முறைகளில் நுண்ணுயிர்ப் பொருள் உறையாக மட்டுமே உதவுகின்றது. தாழ்த்தும் வேலையைச் சோடியம் போரோஐதரைட்டு என்னும் வீரியமுள்ள இரசாயனமே செய்கின்றது. அத்தகைய துகளை முழுவதும் இயற்கைவழி வந்ததெனல் பொருந்தாது.

செலவும் ஒரு தடையாகும். பற்றீரியாக்களுக்குக் காற்றூட்டும்போது, அவை செய்யும் சவர்க்காரமே பாத்திரம் நிறைய நுரைத்துப் பொங்குகின்றது. பின்னர் அப்பொருளைத் தூய்மையாக்கவும் வேண்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிற் கறியுப்பை இட்டால் வெண்ணிற வெள்ளிக் குளோரைட்டு வீழ்படியும் என்பதை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். நுண்ணுயிர் வளர்த்த திரவத்திலே குளோரைட்டு எஞ்சியிருப்பின் அதே விளைவு நேர்ந்து, துகளுக்குப் பதிலாக வீழ்படிவே மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உறை மக்கினாலும் உலோகம் மக்குவதில்லை. வெள்ளி சேர்த்து நெய்த காலுறைகளைக் கழுவிய நீரிலே வெள்ளி வெளியேறுவதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல் எடுத்துக்காட்டினர். அவ்வாறு நீர்நிலைகளைச் சேரும் வெள்ளி, தீய கிருமி இது, நல்ல கிருமி இது என்று பகுத்துப் பார்ப்பதில்லை. கழிவைச் சிதைத்து நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களையும் அது வருத்தும்.

ஆகவே, ஆறாத புண்ணால் வருந்தும் நோயாளிக்கு இட வேண்டிய மருந்தை, நாற்றம் போக்கும் காலுறைக்காக வீணே செலவிடுதல் முறையாகுமா? நுண்ணுயிர்கள் நமக்கு நஞ்சற்ற உறையொன்றைத் தந்துள்ளன. அவ்வுறைக்குள்ளே எதை வைப்பது, எங்கே பயன்படுத்துவது என்பவற்றை ஆராய்ந்து தெளிதல் மனிதர்க்குரிய கடமையாகும். இன்று பள்ளியிலே இரசாயனம் பயிலும் மாணவருட் சிலரேனும் நாளை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுவர். அவர்கள் துகளைச் செய்யும் வழியோடு, அது பயன்பட்ட பின்னர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் சேர்த்து ஆராய்வாராக.