கக்கூஸ் கணக்கும் சாக்கடைக் கணக்கும்

2021-ம் வருஷத்தில் எடுத்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிப்போடப்பட்டு, 2027-ம் வருஷத்துக்கென்று அறிவிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். கணக்கெடுப்போர் வீடுதோறும் சென்று கக்கூஸ் உண்டா என்று விசாரிப்பது வழக்கம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அநேகமாக எல்லா வீட்டாரும் உண்டென்றே சொல்வர். அப்பதிலைக் கொண்டு தென்சென்னையின் சுகாதாரம் சம்பூரணமாகிவிட்டதென்று எவரேனும் பறைசாற்றினால், அதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

கணக்கெடுப்பையே நாம் குறைகூறவில்லை. 2011-ம் வருஷத்துக் கணக்கு இவ்விஷயத்தில் பேருபகாரம் செய்தது. கக்கூஸ் பாதாளச் சாக்கடையோடு இணைந்ததா, செப்டிக் டாங்க் உள்ளதா, மலத்தை மனிதர் அகற்றுகின்றனரா என்றெல்லாம் அதில் கேட்டார்கள். மனிதரால் மலம் அகற்றப்படும் வீடுகள் தேசமெங்கும் 7,94,390 என்று வெளிவந்தது. அக்கொடிய வழக்கத்தைத் தடுக்கும் சட்டமோ 1993-லேயே நிறைவேறியிருந்தது. மாநில சர்க்கார்கள் பல, தங்கள் எல்லையில் அத்தகைய தொழிலாளி ஒருவருமில்லையென்று சாதித்து வந்த காலம் அது. நேரான கேள்வி ஒன்று அத்தனை மறுப்புகளையும் தகர்த்துவிட்டது.

நிற்க, 2015-ல் ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவும் ஏனைய தேசங்களும் 2030-க்குள் அடைவதாக ஏற்றுக்கொண்ட லட்சியம் இதற்கும் அப்பால் செல்கிறது. அந்த அளவுகோலின்படி, கக்கூஸ் மலத்தை மனிதர் தீண்டாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். வேறு குடும்பத்தோடு பங்கிடப்படலாகாது. கழிவு அங்கேயே அபாயமின்றி அடங்க வேண்டும், அல்லது வெளியே கொண்டு செல்லப்பட்டுச் சுத்திகரிக்கப்பட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினும் அவ்வீடு கணக்கில் சேராது. 2022-ல் உலக ஜனங்களில் 100-க்கு 57 பேரே இதில் தேறினர்.

இந்த அளவுகோலை நம் நகரத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். சென்னையின் சாக்கடை நீர் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சுத்திகரிக்கப்படுகிறது. அங்கே போய்ச் சேருவது சரி. சேராமல் வழியிலேயே மழைநீர் வடிகால்களில் புகுந்து அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் விழுவது எவ்வளவு? கால்வாயின் மேலே கட்டிய திருமயிலை ஸ்டேஷனில் இறங்கும் பிரயாணிக்கு இதற்குப் புள்ளிவிவரம் வேண்டுவதில்லை, மூக்கே போதும். கால்வாயில் விழுவது எந்த வீட்டுக் கழிவோ, அந்த வீட்டில் பளிங்குக்கல் பதித்த கக்கூஸ் நான்கு இருந்தாலும், மேற்சொன்ன கணக்கில் அது தேறாத வீடேயாகும்.

குப்பையின் கதையும் இதுவே. வாசலில் வண்டி வந்து எடுத்துச் செல்வதோடு நமது கவலை தீர்ந்துவிடுகிறது. தென்சென்னைக் குப்பை பல்லாண்டு காலமாய்ப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே மலையாய்க் குவிக்கப்பட்டது. அதே சதுப்பு நிலம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இன்னொரு சூட்சுமத்தையும் நாம் எடுத்துக்காட்ட வேண்டும். அடையாற்றங்கரைக் குடிசைகளில் வசிப்போர் பொதுக் கக்கூஸை நம்பி வாழ்ந்தவர்கள், அளவுகோலில் தேறாதவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அவர்களில் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அக்குடும்பங்கள் போனதும், ஒரு செங்கல்லும் வைக்காமலே ஆற்றங்கரை வட்டாரத்தின் சதவிகிதம் உயர்ந்துவிடுகிறது. ஏழைகளைக் கணக்கிலிருந்து பெயர்த்துவிட்டு அடையும் அபிவிருத்தியை அபிவிருத்தி என்பது நியாயமா? ஆகவே, பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் கணக்கையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டுமென்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்றுண்டு. வீட்டை எண்ணுகிறவர்கள், அவ்வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குகிறவனை எண்ணுவதில்லை. 2013-ம் வருஷத்துச் சட்டம், தக்க பாதுகாப்பின்றி எவரையும் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டாங்குக்குள்ளும் இறக்கலாகாதென்று விதித்தது. அங்கே மாண்டோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட் 2014-ல் கட்டளையிட்டது. 2023-ல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்தும் அவசியம் கோர்ட்டுக்கு ஏன் நேர்ந்தது? 1901-ல் கல்கத்தா காங்கிரஸில் பிரதிநிதிகளின் கக்கூஸ் அசுத்தத்தைக் கண்ட காந்தியடிகள் தாமே துடைப்பம் எடுத்தார். மற்றப் பிரதிநிதிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வம்சம் இன்னும் அற்றுப்போகவில்லை.

நகரங்களுக்கு வழங்கப்படும் சுத்த அத்தாட்சிகளைப் பற்றி நாம் அதிகம் பேச விரும்பவில்லை. அத்தாட்சி கோருகிறவர் தாமே தயாரிக்கும் விவரம் எந்த நியாயஸ்தலத்திலும் தனித்து நிற்காது. நாம் வேண்டுவது, கார்ப்பொரேஷனின் 200 வார்டுகளுக்கும் தனித்தனியே ஒரு கணக்கு: பாதாளச் சாக்கடையில் இணையாத வீடுகள் எத்தனை, ஒரு பொதுக் கக்கூஸுக்குக் குடும்பங்கள் எத்தனை, செப்டிக் டாங்க் லாரிகள் எங்கே கொட்டின, மழைநீர் வடிகாலில் கழிவு விட்டு அபராதம் கட்டியவர் எத்தனை பேர், சாக்கடையில் இறங்கி இறந்தவர் எத்தனை பேர். இதற்கு 2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடிநீர் வாரியமும் கார்ப்பொரேஷனும் மனம்வைத்தால் இவ்விவரங்களைத் திரட்டலாம். வார்டு மெம்பர்களிடம் நமது ஊழியர்கள் இவற்றை எழுத்து மூலம் கேட்கட்டும். தகவல் தரும் சட்டம் 2005 முதல் அமலில் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.