முப்பத்திரண்டை எங்கே சேர்ப்பது?

குழந்தைக்குக் காய்ச்சல். வெப்பமானி 39 என்று காட்டுகிறது. பாட்டியோ, "நூறுகூட இல்லையே! பிறகு ஏன் உடம்பு இப்படிச் சுடுகிறது?" என்று திகைக்கிறார். அவருக்குப் பழக்கமானது பாரன்ஹீட் அளவு. கருவி காட்டுவதோ செல்சியஸ் அளவு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எப்படி?

இயல்பான காற்றழுத்தத்தில் நீரின் உறைநிலை செல்சியஸ் அளவில் 0 டிகிரி, பாரன்ஹீட்டில் 32. கொதிநிலை முறையே 100, 212. ஆகவே செல்சியஸின் 100 பிரிவுகள் பாரன்ஹீட்டின் 180 பிரிவுகளுக்குச் சமம். அதாவது, ஒரு பிரிவுக்கு 9/5 பிரிவு. செல்சியஸ் அளவைச் 'செ' என்றும் பாரன்ஹீட் அளவைப் 'பா' என்றும் குறித்தால்,

பா = (9/5) செ + 32

இது ஒரு நேரியல் சார்பு. வரைபடம் வரைந்தால் நேர்க்கோடு கிடைக்கும். 9/5 அதன் சாய்வு. 32 அதன் மாறிலி.

செ = 39 எனப் பிரதியிட்டால், பா = 70.2 + 32 = 102.2. பாட்டிக்கு இப்போது காய்ச்சலின் கடுமை விளங்கும்.

எதிர்த்திசையிலும் செல்லலாம். பா = 104 எனில், முதலில் 32-ஐக் கழிக்க 72 வரும்; பிறகு 5/9 ஆல் பெருக்க, செ = 40. கடைசியாகச் சேர்த்ததை முதலில் நீக்குகிறோம். வரிசை மாறினால் விடையும் மாறிவிடும்.

இனி, பலர் இடறும் கணக்கைப் பார்ப்போம். மருந்துக்குப் பின் காய்ச்சல் 39-லிருந்து 37 டிகிரி செல்சியஸாகக் குறைந்தது. பாரன்ஹீட்டில் எத்தனை டிகிரி குறைந்தது?

குறைந்தது 2 டிகிரிதானே என்று செ = 2 எனப் பிரதியிடுவோர் உண்டு. விடை 35.6 என்று வரும். 102.2-லிருந்து 35.6 குறைந்தால் மிஞ்சுவது 66.6. குழந்தையின் உடல் அவ்வளவு குளிர்ந்துவிடுமா? சமன்பாட்டில் தவறில்லை, அதைப் பயன்படுத்திய இடம்தான் தவறு.

37 டிகிரி செல்சியஸ் என்பது 98.6 டிகிரி பாரன்ஹீட். 102.2 − 98.6 = 3.6. இது 2 × 9/5 தான். இரு வெப்பநிலைகளிலும் 32 இருப்பதால், கழிக்கும்போது அது நீங்கிவிடுகிறது. வெப்பநிலையைக் கணக்கிட மாறிலியும் வேண்டும். வெப்பநிலை மாற்றத்தைக் கணக்கிடச் சாய்வு மட்டும் போதும். வினா கேட்பது நிலையையா, மாற்றத்தையா என்பதை முதலில் தெளிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு பயிற்சி: புவியின் சராசரி வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்த முயல்வது 2015-இல் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கையின் நோக்கங்களுள் ஒன்று. இந்த உயர்வு பாரன்ஹீட்டில் எவ்வளவு? 2.7 என்று வந்தால் சரி. 34.7 என்று வந்தால், 32 எப்படி உள்ளே நுழைந்தது என்று தேடிப் பாருங்கள்!