சிவப்பு விளக்குக்கு பைக் ஏன் தெரிவதில்லை?

அமெரிக்காவில் பைக் ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் புகார் எப்படியும் வந்துவிடும். ராத்திரி நேரம், ஆளில்லாத சந்திப்பு, சிவப்பு விளக்கு. நின்றுகொண்டே இருப்பார்கள், பச்சை வரவே வராது. பின்னால் ஒரு கார் வந்து நிற்கும், சில நொடிகளில் பச்சை விழுந்துவிடும். "பைக்குக்கு எடை பத்தாதுங்க, அதான் ரோட்டுக்குள்ள இருக்கிற சென்சாருக்குத் தெரியல" என்று கூடவே ஒரு விளக்கமும் வரும்.

புகார் உண்மை. விளக்கம்தான் தப்பு. எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நான் தோண்டிப் படித்ததற்குக் காரணம், தப்பான விளக்கம் நம்மைத் தப்பான இடத்தில் நிற்க வைக்கிறது, உதவாத பொருளை வாங்க வைக்கிறது. அதைவிட முக்கியமாக, குறை வண்டியிலா ரோட்டிலா என்பதையே மறைத்துவிடுகிறது.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். நம்மூர் சிக்னல்கள் பெரும்பாலும் கடிகாரக் கணக்கில் ஓடுபவை. வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் முறை வந்தே தீரும். அமெரிக்காவில் பல சந்திப்புகளில் அப்படி இல்லை. பெரிய ரோட்டுக்குப் பச்சை நிலையாக இருக்கும். குறுக்கே வரும் சின்ன ரோட்டில் ஒரு வண்டி வந்து நின்று, சென்சார் அதைப் பார்த்து, "இங்கே ஆள் இருக்கு" என்று பெட்டிக்குச் சொன்னால்தான் அந்தப் பக்கம் பச்சை வரும். சென்சார் பார்க்கவில்லை என்றால், அந்த சிக்னலைப் பொறுத்தவரை நீங்கள் அங்கே இல்லவே இல்லை.

எடைக் கதை எங்கிருந்து வந்தது?

எடைக் கதை வெறும் கற்பனை அல்ல, காலாவதியான உண்மை. வண்டியைக் கண்டுகொள்ளும் சிக்னல்கள் 1920-களின் கடைசியிலேயே வந்துவிட்டன. 1928-இல் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் ஜூனியர் என்பவர் அமைத்த சிக்னலுக்கு ஹாரன் அடிக்க வேண்டும். கம்பத்தில் இருக்கும் மைக் அதைக் கேட்டு விளக்கை மாற்றும். (அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஹென்றி ஹாக் என்ற பொறியாளர் இன்னொரு வழி கண்டார். ரோட்டில் இரண்டு உலோகத் தகடுகள். மேலே சக்கரம் ஏறி அழுத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், மின்சுற்று பூர்த்தியாகும். அதில் எடைக்கு வேலை இருந்தது. பல பத்தாண்டுகள் அது புழக்கத்திலும் இருந்தது. 1960-களின் தொடக்கத்திலிருந்து கம்பி வளையம் வந்து தகடுகளை ஓரங்கட்டியது. தகடு போய்விட்டது, கதை மட்டும் தங்கிவிட்டது.

வளையம் என்ன பார்க்கிறது?

நிற்கும் கோட்டுக்குச் சற்று முன்னால் ரோட்டை மெல்லிய கோடாக அறுத்து, அதற்குள் மின்கம்பியைச் சில சுற்றுகள் விட்டு, மேலே கறுப்புப் பூச்சு போட்டு மூடியிருப்பார்கள். வழக்கமான அளவு 6 அடிக்கு 6 அடி. அந்தக் கம்பியில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் மேலே ஒரு காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தன் பங்குக்கு ஒரு எதிர்ப்புலத்தை உண்டாக்கும். பிளஸ் டூவில் படித்த லென்ஸ் விதி, அவ்வளவுதான். விளைவாக வளையத்தின் மின்தூண்டல் எண் துளி குறையும், அதிர்வெண் துளி கூடும். ஓரத்தில் நிற்கும் பெட்டி இந்தத் துளி மாற்றத்தைத்தான் "வண்டி" என்று எடுத்துக்கொள்கிறது.

இண்டக்ஷன் அடுப்பிலும் இதே சுழல் மின்னோட்டம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அடுப்புக்குச் சூடு வேண்டும், அதனால் சாதாரண அலுமினியச் சட்டி அதில் எடுபடாது. வளையத்துக்குச் சூடு தேவையில்லை, மின்சாரம் நன்றாகச் சுற்றி ஓடினால் போதும். எனவே அலுமினியம் இங்கே இரும்பைவிடச் சளைத்ததில்லை. அலுமினிய ரிம் உள்ள சைக்கிள்கூட சரியான இடத்தில் நின்றால் பச்சையை வரவழைத்துவிடும்.

எடைக் கதையை முறிக்க இன்னொரு உதாரணம். உயரமான அடிப்பாகம் உள்ள கனரக லாரி, தாழ்வான சின்ன காரைவிடக் குறைவான மாற்றத்தையே உண்டாக்கும். எத்தனை டன் என்பது கணக்கில்லை. ரோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு பரப்பில் உலோகம் விரிந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. காருக்கு அடியில் அகலமான உலோகத் தட்டு படுத்திருக்கிறது. பைக்கோ ஒடுக்கமாக, செங்குத்தாக நிற்கும் வண்டி. கோளாறு அங்கேதான்.

எங்கே நிற்பது?

இது தெரிந்தால் எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வளையத்தின் நடுவில் காந்தப்புலம் மேல்நோக்கி இருக்கும். படுக்கையாக இருக்கும் காரின் அடிப்பாகம் அதை முழுசாக வாங்கிக்கொள்ளும். செங்குத்தாக நிற்கும் சக்கரத்தை அது தொட்டும் தொடாமலும் கடந்துவிடும். ஆனால் கம்பிக்கு நேர் மேலே புலம் பக்கவாட்டில் படுக்கும். சக்கரம் அதை நேராக எதிர்கொள்ளும். ஆகவே பைக்குக்கு மோசமான இடம் சதுரத்தின் நட்டநடு. நல்ல இடம் அறுத்த கோட்டின் மேல், கோட்டின் போக்கிலேயே இரண்டு சக்கரமும் வரும்படி. லேனுக்கு நடுவில் ஒழுங்காக நிற்கிறவர்தான் இங்கே கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்!

சில சந்திப்புகளில் வளையத்துக்கு நடுவிலும் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். எட்டு வடிவத்தில் சுற்றிய வளையம் அது. நடுக்கோட்டில் இரண்டு பக்கத்து மின்னோட்டமும் ஒரே திசையில் சேர்ந்து ஓடுவதால் அங்கேதான் பலம் அதிகம். அந்தக் கோட்டின் மேல் நில்லுங்கள். தரையில் சைக்கிள்காரர் படம் வரைந்திருந்தால் இன்னும் சுலபம், அதன் மேலேயே நிற்கலாம்.

வண்டிக்கு அடியில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி காந்தம் விற்கிறார்கள். வாங்காதீர்கள். நிலையான காந்தத்தை இந்தப் பெட்டி தேடவே இல்லை. அது பார்ப்பது சுழல் மின்னோட்டத்தின் விளைவை. காந்தம் அதற்கு ஒரு சின்ன உலோகத் துண்டு, அவ்வளவே. ஆக்சிலேட்டரை முறுக்குவதும் வீண்.

பெட்டியின் நுண்ணுணர்வைக் கூட்டினால் என்ன?

கூட்டலாம், அதற்கான திருகு பெட்டியிலேயே இருக்கிறது. ஆனால் அதிகம் கூட்டினால் பக்கத்து லேனில் போகும் காரையும் இது பிடித்துக்கொள்ளும். யாருமே இல்லாத பக்கத்துக்குப் பச்சை விழும். அந்தப் புகார் வந்தால் குறைத்து வைப்பார்கள். குறைத்தால் முதலில் காணாமல் போவது பைக்கும் சைக்கிளும்தான். கார்காரர் நூறு பேர் புகார் செய்வார்கள், பைக்காரர் ஒருவர் செய்வார். யார் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. எட்டு வடிவ வளையம் பக்கத்து லேனை அதிகம் கண்டுகொள்ளாது. அதைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டால் சக்கரம் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு கம்பியில் மாட்டும். ஆக, தீர்வு தெரியாத விஷயம் இல்லை. ரோட்டை மறுபடி அறுக்கச் செலவாகும், அதுதான் தயக்கம்.

சட்டம் யாரைச் சரிசெய்கிறது?

இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமாகிறது. 2002-இல் மினசோட்டா ஒரு வழி காட்டியது. முழுசாக நின்று, நியாயமான நேரம் காத்திருந்து, சிக்னல் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று தெரிந்தபின் பாதுகாப்பாகக் கடந்தால், வழக்கு வரும்போது அதையே தற்காப்பாகச் சொல்லலாம். பிறகு பல மாநிலங்கள் அந்த வழியில் போயின. விஸ்கான்சினில் 45 நொடி காத்திருக்க வேண்டும். தென் கரோலினாவில் 120 நொடி. வர்ஜீனியாவில் சிக்னலின் இரண்டு முழுச் சுற்று அல்லது 120 நொடி, எது குறைவோ அது. இல்லினாயிலும் 120 நொடிதான். ஆனால் 20 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரத்துக்குச் செல்லாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். சிகாகோ என்று பெயர் சொல்லாமல் சிகாகோவை விலக்கிவிட்டார்கள்.

கலிபோர்னியா வேறு பக்கம் போனது. 2007-இல் நிறைவேறிய சட்டம், வண்டியைக் கண்டுகொள்ளும் சிக்னலைப் புதிதாக வைத்தாலும் பழைய சென்சாரை மாற்றினாலும் அது சைக்கிளையும் பைக்கையும் கண்டுகொண்டே ஆக வேண்டும் என்றது. 2009-இல் மாநிலப் போக்குவரத்துத் துறை அதை அளவாகவே எழுதியது: நிற்கும் கோட்டை ஒட்டி 6 அடிக்கு 6 அடி பரப்பில் சைக்கிள் எங்கே நின்றாலும் தெரிய வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வகைச் சட்டம், "ரோடு உன்னைப் பார்க்காது, நீயே பார்த்துப் போய்க்கோ" என்கிறது. இரண்டாவது, "ரோடு உன்னைப் பார்க்கணும்" என்கிறது. முதலாவது மலிவு, உடனே அமலாகும். ஆனால் ஆபத்து முழுவதும் பைக்காரர் தலையில். சிவப்பில் கடந்தவரைச் சட்டம் மன்னிக்கும், குறுக்கே வேகமாக வருகிற லாரிக்கு அந்தச் சட்டம் தெரியாது. இரண்டாவது மெதுவாகத்தான் நடக்கும், ஒவ்வொரு சந்திப்பாக. ஆனாலும் கோளாறு இருக்கிற இடத்தைச் சரிசெய்வது அது ஒன்றுதான்.

இப்போது கேமராவும் ரேடாரும் வளையத்தின் இடத்தைப் பிடித்து வருகின்றன. அவற்றுக்கும் யாரோ ஒருவர் எல்லை வரைந்து, எதை வண்டியாகக் கணக்கில் எடுப்பது என்று அமைக்கத்தான் வேண்டும்.

எனவே ஒரே சந்திப்பில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்பவர்கள் அந்த ஊர் போக்குவரத்துப் பொறியியல் பிரிவுக்கு எழுதுங்கள். "சிக்னல் வேலை செய்யல" என்று மட்டும் எழுதாதீர்கள். கார் வந்தால் வேலை செய்யுமே, அவர்கள் வந்து பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விடுவார்கள். எந்தச் சந்திப்பு, எந்தத் திசை, எத்தனையாவது லேன், எத்தனை மணி, கோட்டின் மேல் நின்றும் பைக்கைக் கண்டுகொள்ளவில்லை என்று எழுதுங்கள். பல சமயம் பெட்டியைத் திறந்து ஒரு படி கூட்டி வைத்தாலே போதும், அடுத்து வருகிற பைக்காரருக்கும் சேர்த்துப் பச்சை வரும்.