பதிவாகியும் கிடைக்காத டிஎல்எல்

பழைய பில்லிங் மென்பொருளைப் புதிய கணினிக்கு மாற்றுகிறீர்கள். தேவையான டிஎல்எல் கோப்பை நகலெடுத்துப் பதிவும் செய்தாயிற்று. பதிவு வெற்றி என்று திரையில் செய்தியும் வந்துவிட்டது. ஆனால் மென்பொருளைத் திறந்தால், அப்படி ஒரு கூறே இல்லை என்கிறது. உடனே கோப்பு பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும், பதிவுதான் வேறொரு ஏட்டில் விழுந்திருக்கும்.

பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்புதான் டிஎல்எல். எல்லா டிஎல்எல்லுக்கும் பதிவு தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் 1993இல் கொண்டுவந்த 'காம்' முறையில் எழுதியவற்றுக்குத்தான் தேவை. அந்த முறையில் ஒவ்வொரு கூறுக்கும் 128 பிட் அடையாள எண் உண்டு. நிரல் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கும். கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை விண்டோஸ் தன் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பார்த்து எடுத்துக் கொடுக்கும். பதிவு செய்யும் கருவியான ரெக்எஸ்விஆர்32 தானாக எதையும் எழுதுவதில்லை. கோப்பை நினைவகத்தில் ஏற்றி, அதற்குள் இருக்கும் 'டிஎல்எல்ரெஜிஸ்டர்சர்வர்' என்ற செயற்கூறை இயக்கிவிடுகிறது, அவ்வளவுதான். தன் விவரத்தைக் கோப்பே எழுதிக்கொள்கிறது.

64 பிட் விண்டோஸில்தான் குழப்பம் தொடங்குகிறது. 32 பிட் நிரலில் நினைவக முகவரி 4 பைட். 64 பிட்டில் 8 பைட். ஆகவே ஒரே நிரலுக்குள் இரண்டு வகை டிஎல்எல்லும் சேர்ந்து ஓட முடியாது. இதற்காக விண்டோஸ் இரண்டு தனி உலகங்களை வைத்திருக்கிறது. 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32 ஃபோல்டரில், 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 ஃபோல்டரில். ஆம், பெயருக்கு நேர்மாறாகத்தான். பழைய நிரல்கள் பலவற்றில் சிஸ்டம்32 என்ற பாதை அப்படியே எழுதப்பட்டிருந்ததால் அந்தப் பெயரை மாற்றவில்லை. போதாததற்கு, 32 பிட் நிரல் சிஸ்டம்32ஐத் திறந்தால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதைச் சிஸ்வாவ்64க்குத் திருப்பிவிடுகிறது. ரெஜிஸ்ட்ரியும் இப்படியே பிரிந்திருக்கிறது; 32 பிட் பதிவுகளுக்கு 'வாவ்6432நோட்' என்று தனிக் கிளை.

பெயரை நம்பி 32 பிட் கோப்பைச் சிஸ்டம்32இல் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 32 பிட் கருவி அதைச் சிஸ்வாவ்64இல் தேடும், கோப்பு கிடைக்காது.

கணினி எத்தனை பிட் என்று பார்ப்பதால் பயனில்லை. கோப்பை அழைக்கும் நிரல் எத்தனை பிட் என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெயில்ஸ்' பகுதியில் 'பிளாட்ஃபார்ம்' நெடுவரிசையைச் சேர்த்தால் தெரிந்துவிடும். விஷுவல் பேசிக் 6இல் எழுதியது என்றால் சந்தேகமே வேண்டாம், அது 32 பிட்தான். கோப்பைச் சிஸ்வாவ்64இல் வைத்து, அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, அதே ஃபோல்டரில் உள்ள ரெக்எஸ்விஆர்32ஐ முழுப் பாதையோடு இயக்குங்கள்.

மாறாக, உங்கள் எக்செல் 64 பிட், டிஎல்எல் 32 பிட் என்றால் எத்தனை முறை பதிந்தாலும் எக்செல் அதைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளாது. தயாரித்தவரிடம் 64 பிட் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.