பல்லுக்கும் காப்புறுதியா? கையொப்பமிடுமுன் சிந்திப்போம்

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் நம் முன்னோர். சொல் மட்டுமல்ல, உணவும் உறக்கமும் போகும். நாட்கூலிக்காரனுக்கு அன்றைய உழைப்பும் போகும். ஆயினும் எமது கிராமங்களில் பல்வலிக்குக் கராம்பை வைத்துப் பொறுத்துக்கொண்டு, முகம் வீங்கிய பின்னரே வைத்தியரை நாடுவோர் பலர். அந்நேரம் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதே மிஞ்சுகிறது.

மருத்துவக் காப்புறுதியோடு பல் சிகிச்சையையும் சேர்த்துத் தருவதாகக் கூறும் திட்டங்கள் இன்று உள்ளன. "சேரலாமா சுவாமி?" என்று எம்மிடம் கேட்பவர்களுக்கு, "சேருங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கணக்குப் பார்த்துத்தான் சொல்லலாம்.

காப்புறுதியின் அடிப்படை

பலர் சிறுதொகை கட்டி, அவர்களுள் சிலருக்கு நேரும் பெரும் இழப்பைத் தாங்குவதே காப்புறுதி. தீயும் விபத்தும் சிலருக்கே நேர்கின்றன. பல் சூத்தையோ ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது. எல்லோருக்கும் வரும் செலவை எந்த நிறுவனமும் முழுமையாக ஏற்காது. ஆகவே அது சில வேலிகளைப் போட்டுக்கொள்கிறது: வருட உச்சவரம்பு, காத்திருப்புக் காலம், ஒவ்வொரு செலவிலும் உங்கள் பங்கு, ஏற்கெனவே உள்ள பழுதுகளுக்கு விலக்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். பல்லுக்கென வருடம் 12,000 ரூபா கட்டுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். உச்சவரம்பு 15,000 ரூபா. செலவில் நூற்றுக்கு 20 உங்கள் பங்கு. 10,000 ரூபாவுக்குச் சிகிச்சை பெற்றால் நிறுவனம் 8,000 ரூபா தரும். நீங்கள் கட்டிய பணத்தையும் சேர்த்தால் உங்களுக்குச் செலவு 14,000 ரூபா. காப்புறுதி இல்லாவிடில் 10,000 ரூபாவுடன் முடிந்திருக்கும். செலவு 60,000 ரூபா என்றாலும் கிடைப்பது 15,000 ரூபாதான். எனவே எவ்வளவு பெரிய செலவு வந்தாலும் உங்களுக்கு மிஞ்சக்கூடியது 3,000 ரூபா மட்டுமே. உச்சவரம்பிலிருந்து கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள், உண்மை தெரியும்.

கையில் இருப்பதை அறிவோம்

அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவுகளில் பல் பிடுங்குதலும் அடைத்தலும் இலவசம். 13 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் உள்ளன. வேர்ச் சிகிச்சை, கட்டுப்பல் போன்றவை எல்லாச் சிறிய வைத்தியசாலைகளிலும் கிடைப்பதில்லை. தனியாரிடம் பணம் செலவாவது பெரும்பாலும் இவற்றுக்கே. ஆகவே இவை திட்டத்தில் அடங்குமா என்பதே முதற் கேள்வி.

முகவரிடம் கேட்கவேண்டியவை

1. எந்தெந்தச் சிகிச்சைகள் அடங்கும்? விபத்தில் உடைந்த பல்லுக்கு மட்டுமா, சூத்தைக்கும் உண்டா?
2. சேர்ந்து எத்தனை மாதத்தின் பின் பணம் கோரலாம்?
3. உச்சவரம்பு ஆளுக்கா, முழுக் குடும்பத்துக்கா?
4. நாம் விரும்பும் வைத்தியரிடம் போகலாமா? அவர் பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா?
5. முதலில் நாம் செலவழித்துப் பின்னர் பெறுவதா, நிறுவனம் நேரே செலுத்துமா?
6. ஒரு தவணை தவறினால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி எம்மவருக்கு மிக முக்கியமானது. அறுவடைக்குப் பின் கையில் பணம் இருக்கும். விதைப்புக் காலத்தில் இராது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனவர் வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடு. மாதத் தவணை நமது வருமானத்தின் ஓட்டத்தோடு பொருந்தாவிடில் கட்டியதும் வீணாகலாம். முகவரின் வாய்வார்த்தையை நம்பாமல், நிபந்தனைகளைத் தமிழில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நிறுவனம் அனுமதி பெற்றதா என்பதை இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் விசாரிக்கலாம்.

யாருக்குப் பொருந்தும்?

தொழில்தருநர் கட்டணத்தைச் செலுத்தும் குழுக் காப்புறுதி கிடைத்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். சொந்தப் பணத்தில் சேருவதாயின் நிரந்தர மாத வருமானமும் அருகில் வைத்தியரும் இருக்கவேண்டும். வேர்ச் சிகிச்சை போன்றவை அடங்கவேண்டும். கழித்துப் பார்க்கையில் மீதியும் இருக்கவேண்டும். ஏனையோர் அதே தொகையைச் சிக்கன கடனுதவிச் சங்கத்தில் பல்லுக்கெனத் தனியே சேமிப்பது மேல். நோய் வராவிடில் அப்பணம் உங்களுடையதே.

எந்தக் காப்புறுதியையும் விட முக்கியமான ஒன்றும் உண்டு: முன்கூட்டிய பரிசோதனை. வாய்ப் புற்றுநோய் நமது நாட்டு ஆண்களிடையே முதன்மையான புற்றுநோய்களுள் ஒன்று. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லுவது இதற்குப் பெருங் காரணம். ஆறாத புண்ணையோ வெண்திட்டையோ வைத்தியரிடம் காலத்தோடு காட்டினால் உயிர் தப்பும்.

பல்நோயாளரின் பாதுகாவலியான புனித அப்போலோனியாவின் திருநாள் பெப்ரவரி 9. அந்த வாரத்தில் பங்குதோறும் மாதர் சங்கமும் இளைஞர் மன்றமும் அரச பல் வைத்தியரை அழைத்து ஒரு பரிசோதனை நாளை நடத்தலாமே! காசு கட்டுவதற்கு முன் வாயைத் திறந்து காட்டுவோம்.