பாணை நிறுத்திய வைத்தியர்

பிள்ளை சாப்பிடத்தான் செய்கிறது. ஆனால் கை, கால்கள் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதிக்கிடக்கிறது, வயிற்றோட்டமும் நிற்பதில்லை. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இப்படி மெலிந்தே இறந்துபோன குழந்தைகள் பலர். 1888இல் இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்தார். இதைக் குணப்படுத்த முடியுமானால் அது உணவினால்தான் முடியும் என்றும் எழுதினார். எந்த உணவு என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

1924இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி ஹாஸ் இக்குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவைக் கொடுத்தார். பிள்ளைகள் தேறினர். வாழைப்பழத்தில் ஏதோ மருந்துக்குணம் இருப்பதாக நம்பப்பட்டது. அந்த உணவுப் பட்டியலில் பாண் இருக்கவில்லை என்பதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதை எடுத்துக்கொண்டவர் நெதர்லாந்தின் ஹேக் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் பணியாற்றிய வில்லெம் காரெல் டிக்கே. 1930களில் ஓர் இளம் தாய், பாணை நிறுத்தியதும் தன் பிள்ளையின் தோல் தடிப்பு விரைவாகக் குறைந்ததாக அவரிடம் சொன்னாராம். இதைத் தாயின் வீண் கற்பனை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. 1941இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்நோயுள்ள பிள்ளைகளுக்குப் பாண் கொடுக்க வேண்டாம் என்று எழுதினார்.

பிறகு 1944 – 45 குளிர்காலம் வந்தது. ஜேர்மானியப் படையின் பிடியிலிருந்த மேற்கு நெதர்லாந்தில் பாணுக்குப் பெரும் தட்டுப்பாடு. மக்கள் துலிப் பூக்கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். 20,000க்கும் அதிகமானோர் மாண்டனர். ஊரே பட்டினியில் வாடியபோது டிக்கேயின் நோயாளிப் பிள்ளைகள் மோசமாகவில்லை. பாண் மீண்டும் கிடைத்தபோது நோயும் திரும்பியது. பஞ்சம்தான் இதைக் கண்டுபிடித்தது என்று பலர் கதையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப்படவில்லை. ஏற்கெனவே சந்தேகித்துக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணுக்குத்தானே அது தென்பட்டது!

அவரும் பஞ்சத்தின் சாட்சியோடு நின்றுவிடவில்லை. பிள்ளைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் நீண்டகாலம் நிறை பார்த்தார். கொடுத்தால் வளர்ச்சி தடைப்பட்டது; நிறுத்தினால் தேறியது. 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இவற்றைப் பதிந்தார். பின்னர் வான் டி காமர், வையர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, மலத்தோடு வெளியேறும் கொழுப்பையும் அளந்தார். கோதுமை உண்ணும் நாட்களில் கொழுப்பு சமிபாடாகி உறிஞ்சப்படாமல் வீணாவது எண்ணிக்கையாகவே தெரிந்தது.

கோதுமையில் எது குற்றவாளி? இதை அடுப்படியிலேயே பாதி விளங்கிக்கொள்ளலாம். பிசைந்த கோதுமை மா உருண்டை ஒன்றைத் தண்ணீரில் கசக்கிக் கழுவிப் பாருங்கள். பால்போலக் கரைந்து ஓடுவது மாப்பொருள். கையில் இறப்பர்போல மிஞ்சுவது குளுட்டன் என்ற புரதம். பராட்டா மா அறாமல் இழுபடுவது இதனால்தான். அந்த ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பரிசோதித்தனர். மாப்பொருள் தீங்கு செய்யவில்லை. தீங்கு குளுட்டனில் இருந்தது.

சீலியாக் நோயுள்ளவர் குளுட்டனை உண்டால் அவரது நிர்ப்பீடனத் தொகுதி தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவை உறிஞ்சும் சடைமுளைகள் தட்டையாகிவிடுகின்றன. எனவேதான் உண்டும் உடலில் ஒட்டுவதில்லை. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு. வயிற்றோட்டமே இல்லாமல், மாறாத இரத்தசோகையாக மட்டும் வெளிப்படுவதும் உண்டு.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. இரத்தத்தில் பிறபொருளெதிரிகளைத் தேடும் பரிசோதனையும், சிறுகுடல் இழையத்தை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் கோதுமை உண்டுவரும் நாட்களிலேயே சரியான முடிவைத் தரும். முதலில் நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். நோயில்லாத பிள்ளைக்கோ கோதுமையால் இந்தக் கெடுதல் இல்லை.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களை விலக்க வேண்டும். சோறு, அரிசிமா இடியப்பம், குரக்கன், சோளம், மரவள்ளி எதற்கும் தடையில்லை. கடையில் வாங்கும் இடியப்பத்திலும் பிட்டிலும் கோதுமை மா கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சோயா சோஸ் போத்தலின் பின்புறத்தையும் ஒருமுறை வாசியுங்கள். பெரும்பாலானவற்றில் கோதுமை இருக்கும்.