வெளிமுகமைப் பணியாளருக்கு முதலாளி யார்? ஒப்பந்ததாரரா, அரசா?

புதுதில்லி: அரசு மருத்துவமனைகளில் தூய்மைப் பணி, அலுவலக வாயிலில் காவல், உள்ளே தரவு உள்ளீடு என அரசின் அன்றாட வேலைகள் பலவும் 'அவுட்சோர்சிங்' எனப்படும் வெளிமுகமை முறையில் தனியார் ஒப்பந்ததாரர்களிடம் விடப்படுகின்றன. ஒப்பந்ததாரர் மாறினாலும் பணியாளர் பெரும்பாலும் அதே இடத்தில் அதே வேலையைத் தொடர்கிறார். ஊதியம் நின்றால் அவர் யாரிடம் கேட்பது?

மத்திய அரசுத் துறைகள் பணிகளை வெளியே விடுவதற்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் இடமளிக்கின்றன. 'ஜெம்' எனப்படும் அரசு மின்சந்தைத் தளம் வழியே ஆள் வழங்கும் ஒப்பந்தங்கள் முடிவாகின்றன. குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ பங்களிப்பு ஆகியவை சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டவை. அவற்றில் விலை குறைக்க இயலாது. போட்டி நடப்பது ஒப்பந்ததாரரின் சேவைக் கட்டணத்தில்தான். மிகக் குறைவாகக் கேட்பவருக்கே ஒப்பந்தம் என்னும்போது, அவர் தமது லாபத்தை வேறெங்கோ தேட நேர்கிறது. வைப்பு நிதி செலுத்தாமை, ஊதியத்தில் பிடித்தம், வேலையில் சேரப் பணம் கேட்பது போன்ற புகார்களுக்கு இதுவே முக்கியக் காரணம்.

ஊதியம் குறித்துச் சட்டம் தெளிவாகவே உள்ளது. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 21-ஆவது பிரிவின்படி, ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ, வேலையை ஒப்படைத்த துறையே அதை வழங்க வேண்டும். பின்னர் ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இப்பொறுப்பு நீடிக்கிறது. ஆனால் முந்தைய மத்தியச் சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்தியது. இப்போது அந்த வரம்பு 50. மையப் பணிகளில் ஒப்பந்த முறைக்குச் சில விலக்குகளுடன் தடை உண்டு. எனினும் தூய்மை, காவல், தோட்டம், உணவகம் போன்றவை பொதுவாக மையப் பணிகளாகக் கருதப்படுவதில்லை. அரசுத் துறைகள் வழக்கமாக வெளியே விடுபவை இவையே.

பணி நிரந்தரம் கோருவது கடினம். ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்புச் சட்ட அமர்வு 2001-இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தமே போலியானது என நிறுவினால் மட்டும் அவர்கள் நேரடி ஊழியர்களாகக் கருதப்படுவர். பெரும்பாலும் ஆவணங்கள் ஒப்பந்ததாரர் வசமே இருப்பதால், அதை நிறுவுவது எளிதன்று. எனினும் 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் தூய்மை, தோட்டப் பணி செய்தோரை நீக்கியது செல்லாது எனக் கூறிய உச்ச நீதிமன்றம், அவர்களைப் பணி வரன்முறை செய்ய உத்தரவிட்டது. அவர்கள் துறையால் நேரடியாக அமர்த்தப்பட்டவர்கள். அதே வேலையைப் பின்னர் வெளிமுகமைக்கு விட்டதே அது தொடர்ந்து தேவைப்படும் வேலை என்பதற்குச் சான்று என நீதிமன்றம் கருதியது.

இடைத்தரகரை விலக்கச் சில மாநிலங்கள் தாமே நிறுவனம் தொடங்கியுள்ளன. ஆந்திரப் பிரதேசம் 2020-இலும் ஹரியாணா 2021-இலும் இதற்கெனக் கழகங்கள் அமைத்தன. 5 ஆண்டுகள் பணியாற்றிய ஒப்பந்த ஊழியர்களுக்கு ஓய்வு வயது வரை பணிப் பாதுகாப்பு தரும் சட்டத்தையும் ஹரியாணா 2024-இல் கொண்டுவந்தது. உத்தரப் பிரதேச அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த கழகமோ முகமைகளை முற்றிலும் நீக்கவில்லை. துறைகளுக்குப் பதிலாகக் கழகமே 'ஜெம்' தளம் வழியே அவற்றைத் தேர்வு செய்யும். பணியமர்த்தல் 3 ஆண்டுகளுக்கு. மாத மதிப்பூதியம் 16,000 முதல் 20,000 ரூபாய் வரை.